கடைசிப் பாடம்

தமிழ்நாட்டில் 2019-ஆம் வருஷம் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடப் புத்தகத்தில் மொத்தம் 23 பாடங்கள். இயக்க விதிகளில் ஆரம்பித்து, ஒளி, வெப்பம், மின்சாரம், அணு, தாவரம், ரத்த ஓட்டம், பரம்பரை, சுற்றுச்சூழல் என்று 22 பாடங்களைத் தாண்டி வந்தால், கல்யாண வீட்டில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும் ஏழை உறவினனைப் போலக் கடைசியில் கம்ப்யூட்டர் நிற்கிறது. 'காட்சித் தொடர்பு' என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதிலே 'ஸ்கிராட்ச்' என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் குழந்தைகளுக்கென்றே உண்டாக்கி 2007-ல் வெளியிட்ட மொழி அது. திரையில் ஒரு பூனை நிற்கும். குழந்தை வர்ண வர்ணமான கட்டளைத் துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்தால், பூனை அந்தப்படி நடக்கும், திரும்பும், 'மியாவ்' என்று கத்தும். நினைத்தபடி நடக்காவிட்டால், தான் சொன்னதில் எங்கே கோளாறு என்று குழந்தை தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் கம்ப்யூட்டர் படிப்பின் உயிர்நிலை இந்தத் தேடிப் பிடித்துத் திருத்துவதில்தான் இருக்கிறது.

அந்தப் பூனையைப் பற்றி நம் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். மேடை என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன என்று பாடத்தின் பின்னால் கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு விடை நோட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. நெட்டுருப் போட்டு எழுதினால் மதிப்பெண் உண்டு. பூனை நடந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அமிலமா காரமா என்று பார்க்கச் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள். பூனைக்குச் செய்முறை கிடையாது. ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தது பழமொழிக்காக அல்ல போலிருக்கிறது, தீர்க்கதரிசனமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

புத்தகம் எழுதியவர்களை நான் குறை கூற வரவில்லை. சில பக்கங்களை ஒதுக்கிக் கொடுத்து, 'இதற்குள் கம்ப்யூட்டரைச் சொல்லு' என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? அறிவியல் ஆசிரியரைக் குறை கூறுவதும் தர்மமல்ல. அவர் தாவரவியல் படித்து வந்தவராக இருப்பார், அல்லது வேதியியல். 22 பாடங்களை முடிப்பதற்குள் மார்கழி கடந்து, திருப்புதல் தேர்வுகள் வாசலில் வந்து நின்றுவிடும். நேரம் போதாதபோது எந்தப் பாடத்தை விடுவது என்று கேட்டால், கடைசிப் பாடத்தை என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை, முதல் பெஞ்சுப் பையனே சொல்லுவான். ஆறாம் வகுப்பில் 'கணினி ஓர் அறிமுகம்', எட்டாம் வகுப்பில் 'லிப்ரே ஆபீஸ் கால்க்' என்று கீழ் வகுப்புகளிலும் இதே கதைதான். அறிவியல் புத்தகத்தின் திண்ணையிலேயே கம்ப்யூட்டருக்கு இடம். பதினோராம் வகுப்பில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைக்குத்தான் தனிப் புத்தகமும் தனி ஆசிரியரும் தனி மணி நேரமும் கிடைக்கின்றன. அதற்கு முன்னால் படிப்பை நிறுத்திக்கொள்கிற பிள்ளைக்கும், வேறு பிரிவு எடுக்கிற பிள்ளைக்கும் இந்தத் திண்ணைதான் கல்லூரி.

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்ப அறிவு வேண்டும் என்று சொல்லாத மந்திரி கிடையாது, அறிக்கை கிடையாது. எவ்வளவு வேண்டும்? எந்த வயதில் எது தெரிந்திருக்க வேண்டும்? தெரிந்ததா இல்லையா என்று யார், எப்படிப் பார்ப்பார்கள்? தரம் நிர்ணயிப்பது என்றால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வைப்பது. திட்டமிடுவது என்றால் அந்தப் பதிலுக்கு வேண்டிய மணி நேரத்தையும் ஆளையும் பணத்தையும் எடுத்து வைப்பது. நாமோ பதிலை எழுதாமலே பணத்தை எடுத்து வைத்தோம். பணம் யந்திரமாக மாறியது. யந்திரத்தை எண்ண முடியும், ஆகையால் எண்ணினோம்.

2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிறகு வந்த வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட யந்திரங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயின. உலகத்தில் வேறு எங்கும் ஒரு மாநில சர்க்கார் இத்தனை யந்திரங்களைத் தூக்கிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. நான் இதை ஏளனம் செய்யவில்லை. ஏளனம் செய்தவர்கள் நீங்கள்! ஆம், இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் உங்களில் பலர்தான். 'இலவசமாகக் கொடுத்தால் என்ன செய்வான்? சினிமா பார்ப்பான்' என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டு ஹாலில் உங்கள் பிள்ளையும் அதே யந்திரத்தில் சினிமாதான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். கூலிக்காரர் வீட்டில் முதல்முதலாக நுழைந்த யந்திரம் அது. அந்த வீட்டுப் பெண் அதை மடியில் வைத்துத் திறந்தபோது பட்ட சந்தோஷத்துக்கு நான் விரோதியல்ல.

நான் கேட்பது வேறு. அந்தப் பெண்ணிடம் யந்திரத்தை ஒப்படைத்தபோது, 'இன்னும் இரண்டு வருஷத்தில் இதைக் கொண்டு நீ இன்னின்னது செய்யக் கற்றிருக்க வேண்டும். அதற்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் இன்னார் உனக்குச் சொல்லிக்கொடுப்பார்' என்று ஒரு துண்டுக் காகிதத்தையாவது பெட்டிக்குள் வைத்தார்களா? உறையில் படம் இருந்தது. காகிதம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் எண்ணிக்கை நிற்கவில்லை. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்றார்கள். தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றார்கள். ஆட்சி மாறினாலும் இந்த விஷயத்தில் ராஜரீகம் ஒன்றுதான்: ஒவ்வோர் எண்ணும் கடைசி இலக்கம் வரை சுத்தமாக இருக்கிறது. 6,029 ஆய்வகங்களில் எத்தனை பிள்ளைகள் தாங்களாக ஒரு சின்ன நிரலை எழுதி, அது ஓடாமல் போக, உட்கார்ந்து திருத்தி ஓட வைத்தார்கள் என்று ஓர் எண்ணைக் காட்டுங்கள். அந்த எண் எனக்கு ஒரு மேடையிலும் கேட்கவில்லை.

இதில் தலைமை ஆசிரியருடைய நிலைமை பரிதாபம். அவருடைய நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பள்ளிக்கு வந்த ஒவ்வொரு யந்திரமும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஒன்று காணாமற் போனால், ஒரு திரை உடைந்தால், தணிக்கைக்கு வருகிறவர் அவரைக் கேட்பார். அறையைப் பூட்டியே வைத்திருந்தால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். உபயோகித்தால் தண்டனை வரலாம், உபயோகிக்காவிட்டால் நிச்சயமாக வராது என்று ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, சாவி ஏன் அவருடைய மேஜை டிராயரிலேயே கிடக்கிறது என்று ஆச்சரியப்படுகிறோம். அந்தப் பூட்டை அவர் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பொருளுக்குத் தணிக்கை வைத்து, படிப்புக்குத் தணிக்கை வைக்காதவர்கள் போட்டது அது.

பூட்டு திறந்திருக்கும் வேளையிலும் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'எமிஸ்' என்று ஒரு பூதம் இருக்கிறது. பிள்ளைகளின் வருகை, எடை, உயரம், சைக்கிள், காலணி என்று சகலத்தையும் ஆசிரியர்கள் அந்தத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதைப் பற்றி முறையிட்டு முறையிட்டு ஓய்ந்து போயிருக்கின்றன. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியர், பிள்ளையைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வியாதி இன்று நேற்றையதல்ல. 1984-லேயே மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. சுமார் 250 பள்ளிகளில் ஆரம்பம். வந்தவை பி.பி.சி. யந்திரங்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. ஒலிபரப்புக் கழகம் தன் தேசத்து ஜனங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிடவேண்டும் என்று 1982-ல் டெலிவிஷனில் தொடர் நிகழ்ச்சி நடத்தியது; அந்த நிகழ்ச்சிக்குத் துணையாகச் செய்வித்த யந்திரம் அது. அங்கே முதலில் பாடம், பிறகு பாடத்துக்கு ஏற்ற யந்திரம். இங்கே நாம் யந்திரத்தை மட்டும் கப்பல் ஏற்றிக்கொண்டு வந்தோம். 2004-ல் பெயரை மாற்றி இன்னொரு திட்டம். 2012-ல் பள்ளிக் கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு தேசியக் கொள்கையே வந்தது. மாணவன் எய்த வேண்டிய அறிவை ஆரம்பம், நடு, உயர்வு என்று மூன்று படிகளாக அதிலே வகுத்திருந்தார்கள். மோசமான படிகள் அல்ல. ஆனால் டில்லியில் கட்டிய அந்தப் படிகளின் கீழே நம்மூர்ப் பள்ளிக்கூடத்தின் கால அட்டவணை இல்லை. ஒரு வகுப்பறைக்கும் வந்து சேராமல் அவை அந்தரத்தில் நின்றன.

'நம் தேசம் ஏழை தேசம், அதனால் இப்படி' என்று சமாதானம் சொல்லுகிறவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். 2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்ட பெரிய கல்விச் சட்டத்திலே ஒரு லட்சியம் எழுதப்பட்டது. நிறம், இனம், வருமானம், ஊர், உடற்குறை எதுவானாலும் சரி, எட்டாம் வகுப்பு முடிக்கும்போது ஒவ்வொரு குழந்தையும் தொழில்நுட்ப எழுத்தறிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அது. கேட்பதற்கு எவ்வளவு உன்னதமாக இருக்கிறது! ஆனால் அந்த எழுத்தறிவு என்பது என்ன என்று வரையறுக்கும் வேலையை ஒவ்வொரு மாநிலத்தின் தலையிலும் கட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு முழக்கோலை வைத்துக்கொண்டு அளந்தால் எல்லாரும் ஒரே உயரந்தானே! முதல் வருஷம் சுமார் 70 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் நாலில் ஒரு பங்கையாவது ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அப்புறம் பணம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்து, 2010-ல் 10 கோடியாகி, அடுத்த வருஷம் பூஜ்யமாயிற்று. லட்சியம் மட்டும் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

திட்டமிடும் லட்சணத்துக்கும் அங்கேயே ஓர் உதாரணம் உண்டு. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையத் தொடர்பைச் சலுகை விலையில் கொடுக்க 1996-ஆம் வருஷத்துச் சட்டம் வழி செய்தது. சலுகை வேண்டுமானால் பள்ளி ஒரு தொழில்நுட்பத் திட்டத்தை எழுதி அங்கீகாரம் வாங்க வேண்டும். விளைவு என்ன? விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பதே சிலருக்குத் தொழிலாயிற்று. 2014-ல், திட்டம் எழுதித் தர வேண்டாம் என்று அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். பணத்துக்காக எழுதப்படும் திட்டத்தில் பணம் மட்டுந்தான் திட்டமிடப்பட்டிருக்கும் என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள் போலும்.

லாஸ் ஏஞ்சலிஸ் கதை இன்னும் ரஸமானது. 2013-ல் அந்த நகரத்துப் பள்ளிகளில் ஐபேட் பலகைகளை வழங்கினார்கள். பாடத்தைத் தவிர வேறு எதற்கும் போகாதபடி பூட்டுப் போட்டே கொடுத்தார்கள். ஒரு வாரம் போவதற்குள் சுமார் 300 மாணவர்கள் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். அதிகாரிகள் பதறிப்போய்ப் பலகைகளைத் திரும்ப வாங்கினார்கள். அடுத்த வருஷம் ஒப்பந்தமே ரத்தாயிற்று. என்னைக் கேட்டால், அந்தத் திட்டம் முழுவதிலும் தொழில்நுட்ப எழுத்தறிவை எட்டியவர்கள் அந்த 300 பேர்தான். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும்!

இங்கிலாந்துக்காரர்கள் வேறுவிதமாக ஏமாந்தார்கள். அவர்களிடம் தரம் இருந்தது, மணி நேரம் இருந்தது, ஆசிரியரும் இருந்தார். ஆனால் தரத்தின் உள்ளே பார்த்தால், கடிதம் தட்டச்சு செய்வது, அட்டவணை போடுவது, படங்காட்டிப் பேசுவது என்று ஒரு குமாஸ்தாவுக்கு வேண்டிய சாமர்த்தியங்களே அதிகம் இருந்தன. பிள்ளைகள் சலித்துப் போனார்கள். 2012 ஜனவரியில் கல்வி மந்திரி மைக்கேல் கோவ் அந்தப் பாடத்திட்டத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தார். 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை முதற்கொண்டு நிரல் எழுதுவதும் பிழை திருத்துவதும் பாடமாயின. நல்ல மாறுதல்தான். ஆனால் மூன்று வருஷம் கழித்து அந்நாட்டு ராயல் சொஸைட்டி ஆராய்ந்து பார்த்தபோது, சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதாமல் பாடம் இடத்துக்கு இடம் கந்தலாகக் கிடப்பதைக் கண்டது. காகிதத்தில் தரத்தை உயர்த்துவதற்கு ஓர் இரவு போதும். ஓர் ஆசிரியரை உருவாக்க அந்த வேகம் உதவாது.

அவ்வளவு தூரம் போவானேன்? செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். 2001-ல் அங்கே 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் ஒன்றும் குபேரர்களல்ல. புதிதாகப் பல்லாயிரம் ஆசிரியர்களை நியமிக்கவும் இல்லை. கணக்கு வாத்தியாரையும் விஞ்ஞான வாத்தியாரையுமே உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனிப் புத்தகம், கால அட்டவணையில் தனி நேரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டுகிற பரீட்சை. 2005-லிருந்து இது நடக்கிறது. மென்பொருளும் காசு கொடுத்து வாங்குவதல்ல. யாரும் எடுத்துப் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். அது மலையாளத்திலும் பேசும். 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பிள்ளைகளின் சங்கங்களை அமைத்து, பள்ளியின் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கேரளத்துப் பள்ளிகள் சொர்க்க லோகம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் சிலந்தி வலை படிந்த அறைகள் இருக்கும். ஆனால் பரீட்சைக்கு முந்தின மாதத்தில் அங்கே ஒரு தலைமை ஆசிரியர் அறையைப் பூட்டி வைத்தால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். பூட்டைத் திறக்கும் சாவி அந்தச் செய்முறைப் பரீட்சைதான். எல்லாவற்றிலும் கேரளத்தோடு போட்டி போடுகிற நாம் இதை மட்டும் கண்டும் காணாமல் இருப்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி, தரம் என்ற அந்தக் காகிதத்தில் எதை எழுதுவது என்கிற சண்டைக்கு வருகிறேன். 'உபயோகிக்கத் தெரிந்தால் போதாதா?' என்பது நல்லவர்கள் பலர் கேட்கும் கேள்வி. 2024-ஆம் வருஷத்து 'அசர்' ஆய்வு நம் தேசத்துக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து வந்தது. ஸ்மார்ட்போன் உள்ள வீடுகள் கிட்டத்தட்ட 90 சதவிகிதம். அதை உபயோகிக்கத் தெரிந்த பிள்ளைகள் 82 சதவிகிதம். அந்த வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவிகிதம். சமூக வலைத்தளங்களுக்காகத் தொட்டவர்கள் 76 சதவிகிதம். பார்த்தீர்களா? உபயோகிப்பது என்கிற தரத்தைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் உதவி இல்லாமலே தெருவில் எட்டிவிட்டார்கள். நீந்தத் தெரிந்த மீனுக்கு நீச்சல் வகுப்பு எதற்கு? மீனுக்குத் தெரியாதது தூண்டில்தான்.

கைபேசியில் வருகிற செய்தி யார் அனுப்பியது, ஏன் அனுப்பினான், பொய்யா மெய்யா என்று விசாரிப்பது ஒரு கல்வி. தான் ஒரு படத்தைத் தட்டும்போது தன்னைப் பற்றி எவன் எதை எழுதிக்கொள்கிறான் என்று அறிவது ஒரு கல்வி. போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு திரையில் தோன்றி, 'உன்னைக் கைது செய்திருக்கிறேன், பணத்தை அனுப்பு' என்று மிரட்டுகிறவனை நம்பி, ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகளே சேமிப்பை இழந்திருக்கிறார்கள்; அவர்கள் யாரும் கைபேசியை உபயோகிக்கத் தெரியாதவர்களல்ல. அப்புறம் அந்தப் பூனை. யந்திரத்துக்குக் கட்டளையிடுவது எப்படி, கட்டளை தவறினால் குற்றம் யந்திரத்தினுடையதல்ல, தன்னுடையதே என்று கண்டு திருத்துவது எப்படி? எட்டாம் வகுப்பு முடிக்கிற பெண் இதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று தமிழில், அவளுடைய தாய்க்குப் படித்துச் சொன்னால் விளங்குகிற தமிழில், ஒரே பக்கத்தில் எழுத முடியும். முந்நூறு பக்க அறிக்கை வேண்டாம்.

தமிழ் என்றதும் இன்னொரு ஆற்றாமை வந்து நிற்கிறது. 1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது, தமிழ்நாட்டு சர்க்கார் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்துக்கள் இடக் கைக்கு, மெய்யெழுத்துக்கள் வலக் கைக்கு. வேண்டிய இடத்தில் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். நம்முடைய மொழியின் இலக்கணத்தை அறிந்து செய்த அழகான காரியம். சர்க்காரே வகுத்த அந்தத் தரத்தை சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருடைய விரல்கள் அறியும்? நம் பிள்ளைகளில் பலர் 'அம்மா' என்று தமிழில் எழுத ஆங்கில 'ஏ'யையும் இரண்டு 'எம்'களையும் மறுபடி ஓர் 'ஏ'யையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எழுதிப் பிழைக்கிற எனக்கு இது வலிக்கிறது. விசைப்பலகையைக் கற்பிக்க ஒரு மாத காலம் போதும். ஒரு காசு அதிகச் செலவில்லை.

இப்போது சாய்வு நாற்காலிக்காரர்களிடம் திரும்பி வருகிறேன். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன தரம் வைத்திருக்கிறீர்கள்? தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்தே கம்ப்யூட்டர் பாடம் உண்டா என்று விசாரித்துச் சேர்க்கிறீர்கள். போதாமல் சனிக்கிழமைகளில் ரோபோ செய்யும் வகுப்புக்கு அனுப்புகிறீர்கள். சரி, அனுப்புங்கள். அதே நாக்கு, 'அந்தப் பிள்ளைகளுக்கு ஏதோ ஆபரேட் பண்ணத் தெரிந்தால் போதும், வேலை கிடைத்துவிடும்' என்று எப்படிச் சொல்லுகிறது? உங்கள் பிள்ளை யந்திரத்துக்குக் கட்டளையிடுவான். அந்தப் பிள்ளை கடையில் பில் போடுகிற யந்திரம் கேட்ட இடத்தில் விரலை வைப்பான், சாப்பாட்டு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கைபேசி காட்டிய சந்தில் திரும்புவான். ஒரே யந்திரம், ஒருவன் அதற்கு மேலே, மற்றவன் அதற்குக் கீழே. யார் மேலே, யார் கீழே என்பதைப் பத்து வயதிலேயே தீர்மானித்துவிடுகிற இந்த ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் வேறு ஒரு பழைய பெயர் உண்டு. அதை நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

இதற்கிடையில் புது ஆரவாரம் ஒன்று கிளம்பியிருக்கிறது. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவைப் பாடமாக்கப் போவதாக மத்திய சர்க்கார் 2025-ல் அறிவித்தது. அதே சர்க்காரின் 2023-24-ஆம் வருஷத்துக் கணக்குப்படி நாட்டில் 14.72 லட்சம் பள்ளிகள். அவற்றில் கம்ப்யூட்டர் உள்ளவை 57 சதவிகிதம், இணையம் உள்ளவை 54 சதவிகிதம். அடுத்த வருஷத்துக் கணக்கில் இந்தச் சதவிகிதங்கள் உயர்ந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் நியாயந்தான். ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் போகும் ஆசிரியைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதற்குக் கால அட்டவணையில் எந்த நேரத்தைப் பிடுங்கப் போகிறார்கள்? பதில் வராவிட்டால், இன்னும் ஏழெட்டு வருஷத்தில் ஏதோ ஒரு புத்தகத்தின் 24-ஆவது பாடமாகச் செயற்கை நுண்ணறிவும் திண்ணையில் வந்து உட்காரும். பூனைக்குத் துணை கிடைக்கும்.

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன: 21, 22. அவற்றின்படி சர்க்கார் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியது அந்தக் குழு. கல்வித் துறையோ நிபுணர் குழுவோ அல்ல, அந்தப் பெற்றோர். நடைமுறையில் பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவர், கழிப்பறை, குடிதண்ணீர் என்பதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் 'எங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் அறையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருப்பார்கள், யார் சொல்லிக்கொடுப்பார், வருஷக் கடைசியில் என்ன செய்து காட்டுவார்கள்' என்று மூன்று வரியை அந்தத் திட்டத்தில் சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று அந்தத் தாய்மார்கள் சொல்லுவார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாள் தெருக்கோடிப் பள்ளியின் குழுவில் ஓர் உறுப்பினராக இருக்கலாம். நாளைக் காலை அவர் வந்ததும், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். அந்த மூன்று வரியை எழுதிக் கொடுக்க உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.